தறிக்குழியில் இருபத்தெட்டு நாள்

சென்னிமலை எதையும் பாதியில் விட்டவன் இல்லை. அவன் செய்த பொருள்கள்தான் அவனைப் பாதியில் விட்டுவிடும். தெருவில் யார் கேட்டாலும் அவனுடைய அக்கா தெய்வநாயகி இப்படித்தான் சொல்லுவாள். தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராட்டையைக் காலால் மிதித்து ஓட்டும்படி அவன் மாற்றியது உண்மை. அது மூன்று நாள் நன்றாக ஓடியதும் உண்மை. நான்காம் நாள் சக்கரம் கழன்று வாசலைத் தாண்டி உருண்டுபோய், எதிர்வீட்டு முத்தாயம்மாள் தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலுக்குத் தடவக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சித் தொட்டியில் விழுந்தது. தெரு இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. முதல் மூன்று நாளில் அந்த ராட்டை சுற்றிய தார் எத்தனை என்பது தெய்வநாயகிக்கு மட்டும் தெரியும். இருநூற்றுப் பதினாறு.

ராசிபுரத்தில் தறிக்காரர் தெருவில் அவர்கள் வீடு. கூடத்தில் மூன்று தறிக்குழிகள். ஒன்றில் தெய்வநாயகியின் கணவர் கந்தவேல் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மிதித்து நெய்வார். அடுத்தது சென்னிமலையுடையது. மூன்றாவது அப்பாவின் குழி. அவர் காலமான பிறகு தறியைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். குழி மட்டும் பலகை மூடிக் கிடந்தது.

தம்பிக்கு அக்கா எட்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. அன்றைக்கு இடுப்பில் ஏற்றியவள், அவன் மீசை முளைத்து இருபத்தேழு வயது ஆன பிறகும் மனத்தளவில் கீழே இறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். எதையும் எண்ணிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். துவரம்பருப்பில் பொறுக்கிய கல் எத்தனை என்றுகூடச் சொல்லுவாள் என்று கந்தவேல் கேலி செய்வார். அதுவும் உண்மைதான்.

ஈஸ்வர வருஷம் கார்த்திகையில் அந்தப் பக்கத்துக் கோழிகளுக்கெல்லாம் கழிச்சல் நோய் வந்தது. முதல் நாள் கழுத்தைத் தொங்கப் போடும், இரண்டாம் நாள் வெள்ளையாய்க் கழியும், மூன்றாம் நாள் இருக்காது. மார்கழி முடிவதற்குள் தெருவில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. சுற்று வட்டாரத்திலும் அதே கதை. வாத்துகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மாசி பிறந்ததும் வழக்கம்போலச் சடையன் தன் வாத்து மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நெல் அறுத்த வயல்களில் சிந்திக் கிடக்கும் மணியையும் நத்தையையும் மேயவிட்டு, ஏரிக்கரையில் பட்டி போட்டுத் தங்குவது அவர் வழக்கம். அவர் மனைவி சின்னாயி ஒரு கூடை வாத்து முட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தறிக்காரர் தெருவுக்கு வருவாள். அடைக்கோழி வைத்திருக்கிற வீடுகளில் ஆளுக்கு எட்டு, பத்து என்று முட்டைகளைக் கொடுத்து அடைவைக்கச் சொல்லுவாள். பொரித்தால் குஞ்சில் பாதி வீட்டுக்காரிக்கு, பாதி சின்னாயிக்கு. வருஷா வருஷம் இப்படித்தான் அவர்கள் மந்தைக்குப் புதுக்குஞ்சு சேர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, அடைக்கோழி ஒண்ணுகூடவா இல்லீங்க?" என்று வாசலில் கூடையை இறக்கினாள் சின்னாயி.

"கோழி கூவி நாங்க எந்திரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு சின்னாயி," என்றாள் தெய்வநாயகி. "இப்பெல்லாம் வெயில் மூஞ்சில அடிச்சாத்தான் தெருவே முழிக்குது."

கந்தவேல் தறியிலிருந்தபடியே கேட்டார். "வாத்தே உக்காந்து பொரிச்சா ஆகாதா?"

"அதுக்கு எங்கீங்க சாமி நேரம்? முட்டையப் போட்டுட்டு அதுபாட்டுக்குத் தண்ணிக்குப் போயிருமுங்க. திரும்பிக்கூடப் பாக்காது."

"குடுத்து வெச்ச ஜென்மம்."

சின்னாயி சிரித்தாள். பிறகு, மழை தண்ணியைப் பற்றிப் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள். ஐப்பசி மழையில் வாழப்பாடிப் பக்கம் ஓர் ஓடை பெருகி, இளம் வாத்து அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது நாற்பத்து மூன்று. எல்லாம் மூன்று வருஷத்து வாத்து. இன்னும் ஒரு பருவம் முட்டையிட்டால் அதிகம். இந்த மாசியில் குஞ்சு எடுக்க முடியாவிட்டால் மந்தை அதோடு முடிந்தது. பங்குனி மூன்றாம் தேதி சேலத்திலிருந்து கறி வியாபாரி வண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

"அத்தனையும் ஏத்தி உட்டுட்டு, கோலைக் கீழ போட்டுட்டு, கல்லு ஒடைக்கப் போலாம்னு சொல்லுதுங்க அந்த மனுசன். தண்ணியில நின்ன காலு. கல்லு ஒடைக்குமான்னு எனக்குத் தெரியலீங்க."

சென்னிமலையின் தறி நின்றது.

"கோழி என்ன பண்ணுது சின்னாயி? மந்திரமா சொல்லுது? சூடுதானே குடுக்குது?"

"ஆரம்பிச்சுட்டான்," என்றார் கந்தவேல்.

"சூடு குடுக்குமுங்க. மூக்கால திருப்பித் திருப்பி உடுமுங்க. வேறென்ன பண்ணுது."

"எத்தனை நாளு?"

"கோழி முட்டை இருவத்தொண்ணு. வாத்து முட்டை இருவத்தெட்டு நாளுங்க சாமி."

"அந்த முட்டைய இங்க வெச்சுட்டுப் போ. இருவத்தெட்டாம் நாளு வந்து குஞ்சா வாங்கிக்க."

எதிர்வீட்டு முத்தாயம்மாள் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "சின்னாயி, நல்லா யோசிச்சுக் குடு. எங்க ஊட்டுக் கஞ்சித் தொட்டி இன்னும் அந்தப் பக்கம் பாத்தா நடுங்குது."

சின்னாயிக்கு வேறு வழி இல்லை. கூடையில் நாற்பத்தொரு முட்டை இருந்தது. தெய்வநாயகி ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து விரலால் சுண்டிப் பார்த்து, விரிசல் விட்ட ஐந்தைத் தள்ளினாள். முப்பத்தாறு நின்றது.

சின்னாயி போன பிறகு தம்பியிடம் சொன்னாள். "ராட்டை உருண்டா சிரிச்சுட்டுப் போயிருவாங்க சென்னி. இது அவங்க பொழப்பு."

"தெரியும்க்கா. அதான் சொல்லும்போதே குரல் நடுங்குச்சு. உனக்குக் கேட்டிருக்குமே."

அவளுக்குக் கேட்டிருந்தது.

அடுத்த இரண்டு நாள் அவன் தறியில் ஏறவில்லை. அப்பாவின் குழியைப் பெருக்கி, சாணம் மெழுகிக் காயவிட்டான். குழிக்கடியில் நான்கு செங்கல்லை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றினான். டின்னுக்குக் கீழே ஒரு விளக்கு. விளக்கு தண்ணீரைச் சூடாக்கும், தண்ணீர் முட்டையைச் சூடாக்கும். தீ சற்றுத் தணிந்தாலும் தண்ணீர் உடனே ஆறிவிடாது என்பது அவன் கணக்கு. டின்னுக்குமேல் ஒரு மூங்கில் தட்டு. தட்டில் மெத்தென்று சிலும்பு நூல் பரப்பினான். பாவு முடிந்ததும் தறியில் வெட்டி எடுக்கிற கஞ்சி போட்ட துண்டு நூல் அது; அவர்கள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சுற்றிலும் உமி அடைத்த கோணிகள். புகை வெளியே போக ஒரு மூங்கில் குழாயைச் சுவர் ஓரமாகக் கொல்லைக்கு விட்டான். மேலே பலகை, பலகைமேல் கம்பளி.

மண்ணெண்ணெய் ஊற்றினால் புகை நாறும் என்று விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். திரிதான் சென்னிமலையின் கெட்டிக்காரத்தனம். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வேறு கருவி இல்லாததால், இருபதாம் நம்பர் நூலை இத்தனை இழை என்று எண்ணித் திரித்துத் திரி போட்டான். பன்னிரண்டு இழைத் திரி போதவில்லை. இருபத்து நாலு அதிகமாயிற்று. பதினெட்டு இழையில் நின்றது. தெய்வநாயகி ஒரு பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நாளையும் இழையையும் எழுதி வைத்தாள். முட்டைகளுக்கு ஒருபக்கம் சிவப்புச் சாயத்தில் பொட்டு வைத்தவளும் அவளே. காலையில் பொட்டு மேலே, மதியம் கீழே, மாலையில் மறுபடி மேலே. திருப்பாமல் ஒன்று விட்டுப்போனாலும் பொட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

மாசி மூன்றாம் தேதி திங்கட்கிழமை முட்டை உள்ளே போயிற்று.

சரியான சூடு எது என்று கண்டுபிடிக்கச் சின்னாயி ஒரு வழி சொல்லியிருந்தாள். முட்டையை எடுத்து மூடின கண்ணிமைமேல் வைக்க வேண்டும். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். சென்னிமலை வைத்துப் பார்த்தான். எல்லா முட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது என்றான். கந்தவேல் வைத்துப் பார்த்துவிட்டு, தூக்கம் வருகிறது என்றார். தெய்வநாயகிக்கு மட்டும் ஒரு முட்டைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்ற வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அதிலிருந்து அந்த வேலை அவள் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

நான்காம் நாள் மதியம் முட்டைகள் அவளுக்குச் சில்லென்று தெரிந்தன. "ஆறிப்போச்சு சென்னி, இழையக் கூட்டு," என்றாள். இருபது இழை ஆயிற்று. ஐந்தாம் நாளும் அப்படியே, இருபத்து நாலு. அன்றைக்குச் சாயங்காலம் குளித்துத் தலை துவட்டிவிட்டு வந்து ஒரு முட்டையைக் கண்ணில் வைத்தவள், வெடுக்கென்று எடுத்துவிட்டாள். சுட்டது.

பலகையைத் திறந்து, கம்பளியை எறிந்து, இருவரும் விசிறினார்கள். திரி பழையபடி பதினெட்டு இழைக்கு இறங்கியது. எங்கே தப்பு நடந்தது என்று அவள் ஒரு நாழிகை யோசித்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், அடுப்பு முன்னால் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்து அதே முட்டையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. இரண்டு நாளாகக் கம்பஞ்சோறு கிளறிவிட்டு, முகம் கொதிக்கக் கொதிக்க வந்து முட்டையைத் தொட்டிருக்கிறாள். ஆறியது முட்டை இல்லை. காய்ந்தது இவள் கண்.

வாழ்நாளில் ஓர் இழைகூட எண்ணிக்கை தப்பாதவள் அன்றிரவு சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"உங்கண்ணு மேல குத்தம் இல்லக்கா. அடுப்பு மேல," என்றான் அவன். "நாளையிலிருந்து அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி பாரு. மத்தியானம் மூஞ்சி கழுவி, நூறு எண்ணிட்டு வா."

அவள் இருநூறு எண்ணினாள்.

ஏழாம் நாள் கூடத்துக் கதவைச் சாத்தி, கதவிலிருந்த ஆணி ஓட்டை வழியாக வந்த வெயிலில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தார்கள். நல்ல முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிவப்பு இழைகளும் ஓடின. கந்தவேல்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டு, "நூறாம் நம்பர் நூலு மாதிரி சன்னமா இருக்குது மாப்ளே," என்றார். மூன்று முட்டையில் ஒன்றுமே இல்லை. ஐந்தில் இழை உடைந்து ஒரு வளையமாகத் திரண்டு கிடந்தது, சூடு கொன்றவை. இருபத்தெட்டு மிஞ்சியது. ஐந்து என்ற எண்ணைப் பஞ்சாங்கத்தில் எழுதும்போது தெய்வநாயகி பென்சிலை அழுத்திவிட்டாள், தாள் கிழிந்தது.

பதினாறாம் நாள் அமாவாசை. அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். தறியைத் துடைத்து, குழியைச் சுத்தம் செய்து, சூடம் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்; அன்றைக்குக் குழியில் கால் வைப்பது ஆகாது. முட்டையைத் திருப்பாமலும் இருக்க முடியாது. விடிந்ததுமே முத்தாயம்மாள் வந்து நின்றாள்.

"எறங்கிப்போடாதீங்க. அப்பன் தறி நெஞ்ச குழி அது."

"முட்டைக்கு அமாவாசை ஏதுங்க அத்தை?" என்றான் சென்னிமலை.

"முட்டைக்கு இல்ல. உனக்கு உண்டு."

கந்தவேலுக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. "மாப்ளே, தலைகீழாத் தொங்கித் திருப்பு. கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. கையி வைக்கலாம்."

அவர் கேலிக்குச் சொன்னார். சென்னிமலை குப்புறப் படுத்துக் கையைவிட்டுத் தட்டையே மேலே தூக்கிவிட்டான். தட்டைக் கூடத்தில் வைத்து, குழிக்குச் சூடம் காட்டி, முட்டைகளை வெளியிலேயே திருப்பி, மறுபடி படுத்தபடி இறக்கினான். எல்லாம் முடிய அரை நாழிகைக்கு மேல் ஆயிற்று. முட்டை ஆறிவிட்டதே என்று தெய்வநாயகி பதறினாள். சாயங்காலம் வந்த சின்னாயி, "கோழியும் எரை தின்னப் போகுமில்லீங்க. தெனம் இத்தனை நேரம் ஆறட்டும், நல்லதுதான்," என்றாள். அன்று முதல் நாள்தோறும் ஒருமுறை தட்டு வெளியே வந்து காற்று வாங்கியது.

இருபதாம் நாள் வெயிலில் பார்த்தபோது இன்னும் இரண்டு போயிருந்தன. இருபத்தாறு. மீதி முட்டைகளில் வெளிச்சமே தெரியவில்லை. உள்ளே அத்தனையும் குஞ்சு. இருபத்தைந்தாம் நாள் ஒரு முட்டையைக் கண்ணிமையில் வைத்த தெய்வநாயகி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். உள்ளேயிருந்து அது அவள் இமையை உதைத்தது.

பங்குனி முதல் தேதி, இருபத்தெட்டாம் நாள். காலையில் மூன்று முட்டைகள் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டன. மதியத்துக்குள் மூன்றிலும் சின்ன ஓட்டை, ஓட்டையில் அலகு. தெரு முழுக்கச் செய்தி போயிற்று. முத்தாயம்மாள் எட்டிப் பார்த்து, "மூக்கு தெரியுது," என்று அறிவித்துவிட்டுப் போனாள். ஆனால் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலமும் அதே அலகு, அதே ஓட்டை. மறுநாள் காலை மூன்று அலகும் அசையவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வியாபாரி வருவது புதன்கிழமை. சடையன் காலையிலேயே வந்து வாசலில் குந்தினார். ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. மூன்று முட்டையையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனசை உட்டுராதீங்க சாமி. நீங்க இத்தனை தூரம் கொண்டாந்ததே பெருசு. நான் போய்க் கூடையெல்லாம் எடுத்துக் கட்டுறேனுங்க."

அவர் சமாதானம் சொல்லச் சொல்லச் சென்னிமலைக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவர் போன பிறகும் அப்பாவின் குழியோரம் உட்கார்ந்து, செத்த முட்டை ஒன்றின் மேலோட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். குஞ்சு முழுசாக வளர்ந்திருந்தது. ஓட்டுக்கு உட்புறத்துச் சவ்வுதான் காய்ந்து, குஞ்சின் மேலெல்லாம் ஒட்டி இறுகிப்போயிருந்தது. தெய்வநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பங்குனிக் காற்று அன்றைக்கு அனலாக வீசியது. கந்தவேலின் தறியில் ஐந்து நிமிஷத்துக்கு ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு அலுத்து, அவர் எழுந்தார்.

"காத்தா இது, கத்திரிக்கோலு," என்று முனகிக்கொண்டே போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து தன் குழியில் ஊற்றினார். ஒரு கோணியை நனைத்துப் பாவுக்கடியில் விரித்தார். குழியடியில் பரப்பியிருந்த மணல் குளிர்ந்து ஈரவாடை எழுந்தது.

சென்னிமலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எதுக்குங்க தண்ணி ஊத்துறீங்க?"

"நல்லா இருக்கே கேள்வி. பத்து வயசுல தறியில உக்காந்தவன் கேக்கறான் பாரு. பாவு காஞ்சா அறுந்துபோகும் மாப்ளே."

சென்னிமலை கையிலிருந்த சவ்வைப் பார்த்தான். காய்ந்த பூண்டுத் தோல் மாதிரி மொடமொடவென்று இருந்தது. குனிந்து, தட்டில் பரப்பியிருந்த சிலும்பு நூலைக் கையில் அள்ளினான். கஞ்சி போட்ட நூல். ஈரம் எங்கிருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். இருபத்தெட்டு நாளாக அந்தக் குழியில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் அவன் பார்த்துப் பார்த்துக் காத்துவந்தான். நெசவாளி நூலை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளுவான். பரணில் எடுத்து வைக்கிற நூலில் ஈரம் படவிட மாட்டான்; பூஞ்சை பிடித்துவிடும். தறியில் ஏறின பாவைக் காயவிட மாட்டான். முட்டை பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்பதால் அவன் அதைப் பரணில் வைக்கிற நூலாகவே நினைத்துவிட்டான். அது தறியில் ஏறி நெய்துகொண்டிருப்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"அக்கா, வெந்நீர் வை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. சிலும்பு நூல் அத்தனையும் வெளியே போயிற்று. கந்தவேல் தன் குழியிலிருந்தே ஈரமணலை இரண்டு கூடை அள்ளிக் கொடுத்தார். தட்டில் மணலைப் பரப்பி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் விரித்து, முட்டைகளை வைத்தார்கள். குழியின் நாலு மூலையிலும் வாயகன்ற சட்டிகளில் வெந்நீர். கம்பளிக்குப் பதிலாக ஈரக்கோணி. பாவுக்குக் கஞ்சி தடவுகிற பெரிய புருசு ஒன்று உண்டு. தெய்வநாயகி அதை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து முட்டைகளின்மேல் மூடுபனி மாதிரி உதறினாள். ஈரத்தில் சூடு இறங்கிவிடும் என்று திரியை இருபத்திரண்டு இழை ஆக்கினான் சென்னிமலை. இந்த முறை அவள் முகம் கழுவி முந்நூறு எண்ணிவிட்டு வந்து கண்ணில் வைத்துப் பார்த்தாள். இருப்பதே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புதிதாக ஓட்டை விட்ட வேறொரு முட்டை, விளக்கு வைக்கும் நேரத்தில் வட்டமாக விரிசல் விட்டு, மூடியைத் தள்ளுவதுபோல மேல்பாதியைத் தள்ளித் திறந்தது. ஈரமாய், கறுப்பும் மஞ்சளுமாய், எலிக்குஞ்சு மாதிரி ஒன்று வெளியே விழுந்து மூச்சு வாங்கியது.

"இவ்வளவுதானா?" என்றார் கந்தவேல். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டபோது அவர்தான் கடைசியாக எழுந்தார்.

புதன்கிழமை வெயில் ஏறுவதற்குள் பதினேழு. கூடத்தில் பேச்சு கேட்காத அளவுக்குச் சத்தம்.

சடையன் வந்தபோது வாசலிலேயே நின்று, தலையைக் குனிந்தபடி பேசினார். "சாமி, ஏரிக்கரையில வண்டி வந்து நிக்குதுங்க. நாள் முழுக்க நிக்க மாட்டான். ஏத்தச் சொல்லட்டுங்களான்னு…"

பாதியில் நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து வந்த சத்தம் அவருக்குத் தெரியாத சத்தம் இல்லை.

"உள்ள வந்து பாருங்க," என்றாள் தெய்வநாயகி.

அவர் குழியோரம் மண்டியிட்டார். தெய்வநாயகி ஈரக்கோணியை விலக்கினாள். அவர் அவசரப்படாமல் ஒவ்வொரு குஞ்சாக எடுத்தார். கால் விரலை விரித்துப் பார்த்தார், தொப்புளைத் தடவினார், கண்ணைப் பார்த்தார், இறக்கிவிட்டார். பதினேழையும் பார்த்து முடித்தார். அதற்குள் பதினெட்டாவது ஒன்று அவர் கையோரமே ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது.

"கோழி பொரிச்சதுலகூடப் பத்துக்கு ஒண்ணு ரெண்டு கால் சூம்பி வருமுங்க," என்றார். "இதுல ஒண்ணுகூட இல்லை."

தெய்வநாயகி அப்போது தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று சுவரைப் பார்த்தாள்.

சடையன் எழுந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டிக்காரனப் போகச் சொல்லிப்போட்டு வாரேனுங்க," என்று கிளம்பினார். ஏரிக்கரைவரை ஓட்டமும் நடையுமாகப் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மொத்தம் இருபத்தொன்று பொரித்தது. இரண்டு முட்டை கடைசிவரை அசையவில்லை. பங்கு பேச்சு வந்தபோது, பாவு விரிக்கிற தெருவில் வாத்து நடந்தால் பாவு என்ன ஆகும் என்று கந்தவேல் கேட்டார். எல்லாம் மந்தையிலேயே வளரட்டும், பங்கை அடுத்த தை மாசம் முட்டையாக வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆனால் பிறந்த குஞ்சை உடனே ஏரிக்கு ஓட்ட முடியாது. இரண்டு வாரம் கதகதப்பில் இருக்க வேண்டும். அதனால் அப்பாவின் குழியைச் சுற்றிக் கோணித் தட்டி கட்டி, இருபத்தொன்றும் கூடத்திலேயே வளர்ந்தன. ஊறவைத்த குருணையும் நசுக்கிய நத்தையும் தின்று, கந்தவேலின் குழியோரம் தூங்கி, தெய்வநாயகி எங்கே போனாலும் பின்னால் வந்தன. தறி ஓடினால் பேசாமல் படுத்துக்கொள்ளும். தறி நின்றால் எழுந்து கத்தும். கந்தவேலால் தண்ணீர் குடிக்கக்கூட எழ முடியவில்லை.

"மேஸ்திரி வெச்ச மாதிரி இருக்குது புள்ள," என்று அவர் மனைவியிடம் குறைப்பட்டார். அந்த வாரம் அவர் நெய்ததுபோல எந்த வாரமும் நெய்ததில்லை.

பங்குனி பதினேழாம் தேதி சடையனும் சின்னாயியும் குஞ்சுகளை ஓட்டிப் போக வந்தார்கள். வழிகாட்ட ஒரு கிழ வாத்தையும் கூட்டி வந்திருந்தார்கள். கிழ வாத்து முன்னால் நடந்தது. குஞ்சுகள் வாசல்வரை வரிசையாகப் பின்தொடர்ந்தன. வாசலைத் தாண்டியதும் எதிர்வீட்டுத் தறிச்சத்தம் காதில் விழுந்தது. இருபத்தொன்றும் திரும்பி முத்தாயம்மாள் வீட்டுக்குள் போய்விட்டன. அங்கிருந்து விரட்டினால் அடுத்த வீடு. அங்கும் தறி. அதற்கடுத்த வீட்டிலும் தறி. தெருவில் இருந்தது முப்பத்திரண்டு வீடு.

நான்காவது வீட்டோடு சடையன் தோற்றுப்போய்க் கோலை ஊன்றி நின்றார். "முப்பது வருசமா வாத்து மேய்க்கிறேன் சாமி. தறிக்குப் பொறந்த வாத்த இப்பத்தான் பாக்கறேன்."

சென்னிமலை தலையைச் சொறிந்தான். பிறகு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீடு வீடாகப் போனான். என்ன சொன்னானோ, முதலில் கந்தவேலின் தறி நின்றது. அடுத்து முத்தாயம்மாள் வீட்டில் நின்றது. "ஒரு கெஜம் போச்சு" என்ற அவள் முனகல் மட்டும் கேட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக, விளக்கு அணைவதுபோல, முப்பத்திரண்டு வீட்டிலும் சத்தம் அடங்கியது. அமாவாசை இல்லாத நாளில், பட்டப்பகலில் தெரு அப்படி அமைதியாகி யாரும் பார்த்ததில்லை. நெய்கிறவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்கள்.

குஞ்சுகள் நடுத்தெருவில் கூடி நின்று கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. எங்கும் சத்தம் இல்லை. கிழ வாத்து ஒருதரம் கத்தியது. முன்னால் நின்ற ஒரு குஞ்சு அதன் பக்கம் திரும்பியது. அப்புறம் எல்லாம் திரும்பின.

வாசலில் நின்று தெய்வநாயகி எண்ணினாள். கடைசி வீட்டைத் தாண்டும்போது இருபத்தொன்று இருந்தது. சின்னாயி திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஏரிகளுக்குப் போகிற பாதையில் அவர்கள் இறங்கினார்கள்.

உள்ளே கந்தவேல் குறுக்கு இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஓட்டலாமா புள்ள?"

"இன்னும் நாலு எட்டு போகட்டுங்க," என்றாள் தெய்வநாயகி.